ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம்

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் எல்லோர் மேசையிலும் உருண்டுகொண்டிருந்த பென்சில்தான். தணிக்கைக்காரர்கள் டிக் அடிப்பார்கள், ஹெட் கிளார்க் தப்பைச் சுழிப்பார். அப்பா அதை வேறொரு காரியத்துக்கு வைத்திருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தரையில் பாயை விரித்து, அதன் மேல் மடிப்பு மடிப்பான நீளக் காகிதத்தைப் பரப்பி, வரிவரியாகப் படித்துக்கொண்டே கோடு போடுவார். சில வரிகளுக்கு நீலம், சிலவற்றுக்குச் சிவப்பு, பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமில்லை.

அவருக்குக் கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் வேலை. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில், கணினிப் பிரிவில். ஹூக்ளிக் கரையில் குவிமாடங்களோடு நிற்கிற அந்தச் செந்நிறக் கட்டடம் பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயுடையது. 1955 ஆகஸ்டில் தென்கிழக்கு ரயில்வே பிறந்தபோது அதுவே தலைமையகம் ஆனது. இன்றைக்கும் ரிக்‌ஷாக்காரரிடம் ‘பி.என்.ஆர்.’ என்றால்தான் புரியும். 1960களின் பிற்பகுதியில் ரயில்வே மண்டலங்களுக்கு ஐ.பி.எம். 1401 கணினிகள் வந்தன. சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, ஸ்டோர்ஸ் இருப்பு எல்லாம் அட்டையில் துளையாகி உள்ளே போய், காகிதத்தில் கறுப்பு எழுத்தாக வெளியே வந்தன. கழித்துப் போட்ட காகிதங்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எங்களுக்கு. நானும் தம்பியும் கூட்டல் கழித்தல் போட்டுப் பழகியது அந்தப் பின்பக்கங்களில்தான்.

முன்பக்கத்தில் இருந்ததற்கு ‘லிஸ்டிங்’ என்று பெயர். ஒரு வரியில் 132 எழுத்து இடம். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. ஒரே கறுப்பு, ஒரே தடிமன். கட்டளை எது, நிரல் எழுதியவர் வைத்த பெயர் எது, ஞாபகத்துக்காக எழுதிய குறிப்பு எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. எறும்புப் படை ஊர்ந்து போவதுபோல் இருக்கும்.

பல வருஷம் கழித்து, அச்சுக்கோப்பு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா அன்றைக்குப் பென்சிலால் செய்ததைத்தான் இன்று மென்பொருள் செய்கிறது. நிரலைப் புத்தகத்திலோ ஆய்வேட்டிலோ போடும்போது கட்டளைச் சொல்லுக்கு ஒரு நிறம், மேற்கோளுக்கு ஒரு நிறம், குறிப்புக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டுகிறார்களே, அதை.

இடமே பொருளாக இருந்த காலம்

அப்பா எழுதிய மொழிக்கு ஆட்டோகோடர் என்று பெயர். அதில் நிறம் தேவைப்படாததற்கு ஒரு காரணமும் இருந்தது. 80 கட்டம் கொண்ட அட்டையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது விதி. முதல் 5 கட்டம் பக்கம், வரி எண்ணுக்கு. 6 முதல் 15 வரை பெயர். 16 முதல் 20 வரை கட்டளை. 21-லிருந்து, அந்தக் கட்டளை எதன் மேல் வேலை செய்ய வேண்டுமோ அது. ஆறாவது கட்டத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வரி முழுக்க மனிதருக்கான குறிப்பு. இயந்திரம் அதைச் செயல்படுத்தாது. அதாவது, சொல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே அது யார் என்று சொல்லிவிடும். கல்யாணப் பந்தியில் வரிசையை வைத்தே மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று கண்டுபிடிப்பது மாதிரி.

வரி எண்ணுக்கும் ஒரு நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான அட்டைகள் கொண்ட கட்டு கைதவறிக் கீழே விழுந்தால், அந்த எண்ணை வைத்துத்தான் திரும்ப அடுக்க வேண்டும். விவரமானவர்கள் கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு மைக்கோடு இழுத்து வைப்பார்கள். அட்டை இடம் மாறினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நிரலுக்கு மனிதர் பூசிய முதல் வண்ணம் அந்தக் கோடாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா எதற்கு நீலம் போட்டார், எதற்குச் சிவப்பு? ஒருநாள் கேட்டேன். “படிக்கிறது, எழுதறது எல்லாம் நீலம். தாவறது சிவப்பு” என்றார். அட்டையிலிருந்து படி, காகிதத்தில் அச்சிடு என்கிற கட்டளைகளுக்கு நீலக்கோடு. ‘இதற்கு மேல் கீழே போகாதே, அங்கே தாவு’ என்கிற கட்டளைக்குச் சிவப்பு. சிவப்புக் கோட்டின் நுனியிலிருந்து இடது ஓரம் வழியாக ஓர் அம்பு கிளம்பும். அது எந்த வரிக்குத் தாவுகிறதோ அங்கே போய்க் குத்தி நிற்கும். “தப்பு வர்றது எல்லாம் தாவற இடத்துலதான்” என்பார்.

எல்லாத் தாவல்களுக்கும் சிவப்பு கிடையாது என்பதையும் கவனித்திருக்கிறேன். அவருக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை விட்டுவிடுவார். சந்தேகம் வந்த இடத்தில்தான் பென்சில் திரும்பும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுர்கி

சிவப்புக்கு கார்டன் ரீச்சில் இன்னொரு முகவரி இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸைத் தாண்டிப் போனால் மெட்டியாப்ருஸ். அவத் நாட்டை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட பிறகு, 1856-இல் நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம். லக்னோவை விட்டு வந்தவர், இங்கே இன்னொரு லக்னோவைக் கட்டிப் பார்த்தார். 1887-இல் அவர் இறந்தார். அந்த மாளிகைகள் பெரும்பாலும் போய்விட்டன. உருதுப் பேச்சும் தையற்காரர்களும் பிரியாணியும் நிலைத்துவிட்டன.

அங்கே ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் உருதுப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ‘சுர்கி’ என்பார். தலைப்புச் செய்தி என்று அர்த்தம். சொல்லின் அடி அர்த்தம் ‘சிவப்பு’. கையெழுத்துப் பிரதிகளில் அத்தியாயத் தலைப்பைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். கையெழுத்துப் பிரதி போய்க் கல்லச்சு வந்து, அதுவும் போய்க் கணினி வந்து, தலைப்பு கறுப்பான பிறகும் பெயர் ‘சிவப்பு’ என்றே தங்கிவிட்டது.

நம் தமிழ்ச் சுவடிகளில் அந்த வசதியும் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியைத் தடவித் துடைத்தால் எல்லாம் ஒரே கறுப்பு. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. சீவக சிந்தாமணிச் சுவடியில் இது மூலமா உரையா என்று பிரிப்பதற்கே உ.வே.சாமிநாதையர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருடைய வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பதிப்பு வந்ததும் 1887-இல்தான். அச்சுக்கு வந்ததும் மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து என்று பிரிந்தது. படிக்கிறவருக்குச் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது? நமக்கு முன்னால் ஒருவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்துப் பிரித்து வைத்ததிலிருந்து.

நிரலில் வருகிற நிறமும் இதேதான். அது அலங்காரம் இல்லை. நமக்கு முன்னால் யாரோ ஒருமுறை படித்துவிட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி. அன்றைக்கும் இன்றைக்கும் மாறியிருப்பது, அந்த முதல் வாசகர் யார் என்பது.

அச்சாபீஸுக்குப் போன நிரல்

1960-இல் வெளியான அல்கால் மொழியின் அறிக்கை இந்த விஷயத்தை நேராகவே பேசியது. ஒரே மொழிக்கு மூன்று உருவம் உண்டு என்றது: விளக்கத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று. அச்சு உருவத்தில் கட்டளைச் சொற்கள் தடித்த எழுத்தில் வரும். இயந்திரத்தில் தடித்த எழுத்து ஏது? அங்கே வேறு ஏதாவது குறி போட்டுச் சமாளித்தார்கள். அதே ஆண்டு முதல் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மாத இதழ் நிரல்களை அச்சிடத் தொடங்கியது. வெளியான நிரலை வேறொருவர் ஓட்டிப் பார்த்து, ‘சரியாக வேலை செய்கிறது’ என்றோ, ‘இன்ன இடத்தில் பிழை’ என்றோ எழுதுகிற குறிப்புகளும் பின்னாலேயே வந்தன. நிரல் தப்பா, அச்சு தப்பா என்பது அன்று பெரிய கேள்வி.

நம்மவர்கள் பலர் நிரல் கற்றது தமிழர்கள் எழுதிய புத்தகங்களில்தான். ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து எழுதிய ஃபோர்ட்ரான் புத்தகத்தில் ஒரு தலைமுறை படித்தது. அடுத்த தலைமுறைக்கு சி மொழி என்றால் பாலகுருசாமி. கல்லூரி லேபில் டர்போ சி-யின் நீலத் திரையில் மஞ்சள் எழுத்தாக, புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினோம். புத்தகத்தில் கறுப்பு, திரையில் வண்ணம். நடுவில் இருந்தது நம் விரல்.

அந்த நடுவில் நானும் இருந்தேன், எதிர்ப்பக்கத்தில். 1990களில் சென்னையில் ஒரு டி.டி.பி. நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கணினிப் பாடநூல் ஒன்று வந்தது. ஆசிரியர் ஃப்ளாப்பியில் நிரல்களைத் தனியாகக் கொடுத்திருந்தார். நாங்கள் அவற்றைப் பேஜ்மேக்கரில் இழுத்துவிட்டு, மற்றப் பக்கங்களோடு சேர்த்து அழகுபடுத்தினோம். அழகுபடுத்தியதுதான் வினை. நேராக நிற்கிற மேற்கோள் குறியை மென்பொருள் தானாகவே சுருட்டை மேற்கோளாக மாற்றிவிட்டது. இரண்டு கழித்தல் குறி ஒட்டி வந்த இடங்களில் ஒரு நீளக்கோடு. ஆங்கிலச் சிறிய எல்லும் எண் ஒன்றும் அந்த எழுத்துருவில் இரட்டைப் பிள்ளைகள். புரூஃப் பார்த்தவர் ஆங்கில இலக்கணத்தில் கெட்டிக்காரர். ஒரு வரியின் கடைசியில் தனியாகத் தொங்கிய அரைப்புள்ளியைப் பார்த்து, அச்சுப்பிழை என்று எடுத்துவிட்டார். புத்தகம் வந்தது. மாணவர்கள் அப்படியே தட்டினார்கள். ஒன்றும் ஓடவில்லை. ஆசிரியர் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

எங்களில் யாருக்கும் நிரலைப் படிக்கத் தெரியாது. தெரியாத மொழியில் ஸ்லோகத்தை எழுத்துக்கூட்டி அச்சுக்கோத்த மாதிரிதான் அது.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. எங்கள் கண்ணில் படவில்லை. 1978-இல் வந்த கெர்னிகன், ரிச்சி எழுதிய சி புத்தகத்தை ஆசிரியர்களே கணினியில் அச்சுக்கோத்தார்கள். நிரல்கள் புத்தகத்தின் கோப்பிலிருந்தே நேராக எடுத்துச் சோதிக்கப்பட்டவை. டொனால்டு நூத் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் புத்தகத்தின் மறுபதிப்பு புரூஃபைப் பார்த்து மனம் நொந்து, 1977-இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே கோப்பில் எழுதி, ஒரு கருவி மூலம் இயந்திரத்துக்கான நிரலையும், இன்னொரு கருவி மூலம் மனிதருக்கான அச்சுப் பக்கத்தையும் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். அச்சுப் பக்கத்தில் கட்டளைச் சொல் தடித்து வரும். பெயர்கள் சாய்ந்து வரும். நிறமே இல்லை. ஆனாலும் படிக்கலாம். மூலமும் உரையும் ஒரே ஏட்டில் என்றால் நமக்குப் புதிதா என்ன?

இயந்திரம் படித்துக் கொடுக்கிறது

போன குளிர்காலத்தில் கார்டன் ரீச் போயிருந்தேன். தம்பியும் ரயில்வேயில்தான் இருக்கிறான். அதே குவார்ட்டர்ஸ் வரிசை. அவன் மகள் பொறியியல் கடைசி வருஷம். புராஜெக்ட் ரிப்போர்ட் தயாராகிக்கொண்டிருந்தது.

“பெரியப்பா, நீங்க பிரின்டிங் லைன்தானே. இது எப்படி இருக்குன்னு பாருங்க” என்று மடிக்கணினியைத் திருப்பினாள்.

நூத்தின் டெக் மேல் எழுந்த லேடெக்கில் செய்திருந்தாள். வலது பக்கம் தயாரான பக்கம்: இளஞ்சாம்பல் பெட்டிக்குள் பைதான் நிரல், பச்சையில் கட்டளைச் சொற்கள், செங்கல் நிறத்தில் மேற்கோள்கள், சாய்வெழுத்தில் குறிப்புகள், ஓரத்தில் சின்னதாக வரி எண். இடது பக்கம் அதைச் செய்யச் சொன்ன கட்டளை: ஒரே வரி. ‘இந்தக் கோப்பைக் கொண்டுவந்து இங்கே வை, மொழி பைதான்’ என்கிற பொருளில்.

“புரோகிராம இதுல டைப் பண்ணலையா?”

“எதுக்கு? ஓடற ஃபைலையே உள்ள இழுத்துக்கும். நான் அங்க திருத்தினா இங்க தானா மாறிடும்.”

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் ஆசிரியர் போனில் கத்தியதற்கு மருந்து இந்த ஒரு வரி. நிறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பெரிய மாற்றம் நிறம் இல்லை. ஓடுகிற நிரலுக்கும் அச்சாகிற நிரலுக்கும் நடுவில் இருந்த விரல்கள் போய்விட்டன. மேற்கோளைச் சுருட்டவும் அரைப்புள்ளியைத் தின்னவும் யாரும் இல்லை.

லேடெக்கில் இதற்கு இரண்டு வழிகள் பிரபலம். முதலாவது லிஸ்டிங்ஸ். கார்ஸ்டன் ஹைன்ஸ் 1996-இல் தொடங்கியது. அப்பாவின் காகிதத்துக்கு இருந்த அதே பெயர். ஒரு மொழியின் கட்டளைச் சொற்கள் இவை என்று பட்டியல் கொடுத்தால், டெக் தானே வரியைப் படித்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் தடிமனாக்கும், குறிப்புகளைச் சாய்க்கும். நிறம் வேண்டுமென்றால் நாம் சொல்ல வேண்டும். அச்சுக்கோக்கிற மென்பொருளையே நிரல் படிக்க வைப்பது இந்த வழி.

இரண்டாவது மின்டட். கொன்ராட் ருடால்ஃப் உருவாக்கி, 2013 முதல் ஜெஃப்ரி பூர் கவனித்துவருவது. இது தானாகப் படிக்காது. படிக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடும். அந்த ஆள் பிக்மென்ட்ஸ், 2006-இல் கியோர்க் பிராண்டல் பைதானில் எழுதியது. இன்று 500-க்கும் மேற்பட்ட மொழிகள் அதற்கு அடையாளம் தெரியும். லேடெக் பாதி வேலையில் நின்று நிரலை அதனிடம் நீட்டும். பிக்மென்ட்ஸ் சொல் சொல்லாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘இது கட்டளை’, ‘இது எண்’, ‘இது மேற்கோள்’ என்று சீட்டுக் கட்டித் திருப்பிக் கொடுக்கும். லேடெக் சீட்டைப் பார்த்து நிறம் பூசும். வேலை நடுவே வெளி நிரலை ஓட்டுவது ஆபத்து என்பதால் இதற்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. பலரும் தடுக்கி விழுந்த படி அது. 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தப் படியைத் தாழ்த்திவிட்டது.

தென்னிந்தியாவுக்கு டெக் ஒன்றும் அந்நியமில்லை. இந்திய டெக் பயனர் குழு 1998-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. உலகத்தின் அறிவியல் இதழ்கள் பலவும் சென்னையிலும் புதுச்சேரியிலும் பக்கம் கட்டப்பட்டுப் போகின்றன. ஈயம் கோத்த கை, பேஜ்மேக்கருக்கு மாறிய கை, இன்று லேடெக் பிழைச் செய்தியைப் படிக்கிறது.

‘தமிழ்’ உடைந்த இடம்

அவளுக்குக் காட்ட என்னிடமும் ஒன்று இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு நிரலாக்கக் கையேட்டை அச்சுக்கோத்துக்கொண்டிருந்தேன். மொழி, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில். அதில் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மறுதேர்வு"
முடி

நிபந்தனை முதலில், ‘ஆனால்’ கடைசியில். தமிழ் வாக்கியம் எப்படிப் போகுமோ அப்படி. படிக்கச் சுகம், அச்சுக்கோக்க நரகம்.

முதலில் லிஸ்டிங்ஸில் போட்டுப் பார்த்தேன். அது ஆங்கில எழுத்துக்காக வளர்ந்தது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலமுள்ள பெட்டியில் வைத்து அடுக்குவது அதன் சுபாவம். நம் ‘கொ’ அதில் எங்கே உட்காரும்? யூனிகோடு கணக்கில் அது இரண்டு குறி; கண்ணுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று உருவம்; நமக்கு ஓரெழுத்து. பக்கத்தைப் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி, கொம்பும் காலும் அனாதையாகக் கிடந்தன. ஓலைச்சுவடி தேவலை.

பிறகு மின்டட். நம்ப மாட்டீர்கள்: பிக்மென்ட்ஸுக்கு எழில் தெரியும். 2016-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே பட்டியலில் இருக்கிறது. அதன் உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனபோதுதான் ஒரு வேடிக்கை புரிந்தது.

“பைதான்ல ஒரு வார்த்தையைப் பிடிக்கணும்னா என்ன எழுதுவே?” என்று அவளிடம் கேட்டேன்.

“பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பிளஸ்.”

“‘தமிழ்’னு கொடுத்து ஓட்டிப் பாரு.”

தட்டினாள். ஒரு சொல் கொடுத்தோம். இரண்டு துண்டு வந்தது. ‘தம’, ‘ழ’. இகரக் கொக்கியையும் புள்ளியையும் பைதானின் அந்தக் குறி எழுத்தாகவே கணக்கில் எடுக்கவில்லை. மொழியின் பெயரைச் சொன்னால் மொழி உடைகிறது. இத்தனைக்கும் அதே பைதான், மூன்றாம் பதிப்பிலிருந்து, ‘தமிழ்’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொள்கிற வாய் ஒன்று, படிக்கிற கண் வேறொன்று.

எழிலுக்கான பகுதியில் அதனால்தான் அந்தக் குறியை நம்பாமல், யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் முழுசாக எழுத்து என்று வளைத்துப் போட்டிருக்கிறார்கள். தமிழ் எண்ணும் அதற்குள் வந்துவிடும். பரவாயில்லை, ‘தமிழ்’ உடையாது. மொழி தெரிந்தவர் உட்கார்ந்து செய்த வேலை என்பது அங்கே தெரிகிறது.

எழில் என்று மொழியின் பெயர் கொடுத்து ஓட்டினேன். ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’, ‘பதிப்பி’ நான்கும் நிறம் மாறி வந்தன. அதற்கு முன்னால் தெரியாமல் சி மொழி என்று குறிப்பிட்டு ஒருமுறை ஓட்டியிருந்தேன். அப்போது தமிழ்ச் சொற்களில் அங்கங்கே சிவப்புப் பெட்டி. அடையாளம் தெரியாத எழுத்தை பிக்மென்ட்ஸ் அப்படித்தான் காட்டும். பக்கம் முழுக்கச் சிவப்பு. அப்பாவின் சிவப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இன்னும் ஒரு குறை தீரவில்லை. நிரலுக்கென்று இருக்கிற ஆங்கில எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். பத்திகள் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கும். தமிழில் ‘ர’வையும் ‘ணை’யையும் ஒரே அகலத்தில் அடைத்தால் ஒன்று இளைக்கும், ஒன்று நசுங்கும். சாதாரணத் தமிழ் எழுத்துருவைத்தான் போட்டேன். வரித் தொடக்க இடைவெளி மட்டும் நேராக நிற்கும். நடு வரியில் எதையும் நேர்ப்படுத்த முடியாது. பிள்ளைகளுக்குப் புரிகிறது. எனக்குத்தான் கண் உறுத்துகிறது.

ஜெராக்ஸ் கடை

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இருவரும் கார்டன் ரீச் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கலர் பக்கத்துக்கு ஒரு விலை, கறுப்பு வெள்ளைக்கு ஒரு விலை. நூறு பக்கத்துக்கு மேல், நான்கு பிரதி. கணக்குப் பார்த்தாள். “பிளாக் அண்ட் ஒயிட்டே போதும்” என்றாள்.

முதல் பிரதி வந்தது. பச்சை போய்ச் சாம்பல். செங்கல் நிறம் போய் அதே சாம்பல். குறிப்புகள் வெளிறி, சாம்பல் பெட்டிக்குள் பாதி காணாமல் போயிருந்தன. அவள் முகம் விழுந்தது. கடைக்காரருக்கு இது பழக்கம்போல. எல்லா மாணவரும் இப்படித்தான் நிற்பார்கள் என்று வங்க மொழியில் சொல்லிச் சிரித்தார்.

“நிறத்தை எடுத்துடு. பிக்மென்ட்ஸ்ல கறுப்பு வெள்ளைன்னே ஒரு ஸ்டைல் இருக்கு. தடிப்பு, சாய்வு மட்டும்” என்றேன். அங்கேயே நின்று மாற்றினாள்: ஒரு சொல். பத்து நிமிஷத்தில் பக்கம் திரும்ப வந்தது. கட்டளைச் சொல் தடித்து, குறிப்பு சாய்ந்து. அல்கால் அறிக்கையும் நூத்தும் நம்பிய அதே பழைய வழி. திரையில் வண்ணம், காகிதத்தில் தடிமன் என்று இரண்டு உருவம். அறுபது வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த விதி கார்டன் ரீச் ரோட்டுக் கடையில் வேலை செய்தது. வண்ணம் பிரித்தறியாத கண் உள்ளவர்களுக்கும் இதுவே நல்லது. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாதவரை நிறத்தை மட்டும் நம்பிய பக்கம் கைவிட்டுவிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தன் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வைவா. கையில் சிவப்பு பால்பாயின்ட் பேனா. நிரல் இருந்த பக்கங்களில் அங்கங்கே அடிக்கோடு.

“எதுக்கு இது?”

“கேட்டா பதில் சொல்ல முடியாத லைன்லாம். நெட்ல பாத்து எழுதினது. ஓடுது, ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல.”

ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன். பிக்மென்ட்ஸ் அந்த ஏழு வரிகளையும் மற்ற வரிகளைப் போலவே சமமாகத் தடித்தும் சாய்த்தும் வைத்திருந்தது. அதற்கு எது கட்டளை, எது பெயர் என்று தெரியும். எந்த இடத்தில் இவளுக்குச் சந்தேகம் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை; அது அதன் வேலை இல்லை. எந்த இடத்தில் பென்சிலைத் திருப்ப வேண்டும் என்பது அப்பாவின் வேலையாக இருந்தது.

பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில் ஒரு வளையம் இன்னொன்றுக்குள் இருந்தது. உள்ளே ஒரு நிபந்தனை, நிறைவேறினால் வெளியே தாவிவிடும்.

“இது எங்க தாவுது?” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்து, அந்த வரியின் நுனியிலிருந்து இடது ஓரத்துக்கு ஒரு கோடு இழுக்கத் தொடங்கினாள்.